டிக்கி மேட்டைத் தூக்கி ஒரு போட்டோ எடுங்கள்

ஆன்லைனில் பழைய கார் விற்கிறவர்கள் ஒரு வண்டிக்கு எத்தனை போட்டோ போட வேண்டும்? என்னைக் கேட்டால் குறைந்தது 25. "ஏழெட்டு போதும், மீதியை நேரில் வந்து பார்க்கட்டும்" என்று சொல்கிற, பழைய கார் வாங்கி விற்றுக் கொடுக்கிற கன்சல்டிங்காரர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. நேரில் வருகிறவர் எங்கிருந்து வருகிறார், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறாரா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா?

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு ஜில்லாதான், ஆனால் கடைத்தெருவில் தமிழ்தான் கேட்கும். கார் தேடுவது என்றால் எங்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு, பொள்ளாச்சி கோவையில் டிஎன் வண்டி, திருச்சூர் எர்ணாகுளத்தில் கேஎல் வண்டி. போன மாசம் மாமாவுக்காக எர்ணாகுளம் பக்கம் ஒரு யார்டில் இருந்த வேகன்ஆரைப் பிடித்துப்போய், விலையும் சரியாக இருக்கிறதே என்று, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அந்த வண்டிக்குப் போட்டிருந்தது எட்டு போட்டோ. எட்டும் டிரைவர் பக்கத்திலிருந்தே எடுத்தது என்பது அங்கே போய் இறங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது.

இடது பக்கப் பின்கதவு பட்டி பார்த்து அடித்த பெயிண்ட், வெயிலில் நிறம் தனியாகத் தெரிந்தது. அதுகூடப் போகட்டும். மாமா உள்ளே உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். "மாப்ளே, இங்க பாரு" என்றார். எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கிற அந்தக் கடைசி ஒரு முழத்தில், சேற்றுத் தண்ணீர் ஊறிக் காய்ந்த பழுப்புக் கோடு. நான் பின்னால் போய் டிக்கி மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தேன். பள்ளத்தின் மூலையில் வண்டல் படிந்து கிடந்தது, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. 2018 ஆகஸ்ட்டில் பெரியாறு ஆலுவாவுக்குள் ஏறி வந்ததும், அப்போது எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதும் கேரளாவில் எல்லோருக்கும் தெரியும். வண்டி வாங்கப் போகிறவனிடம் அதைச் சொல்லாமல் விடலாமா? அந்த யார்டுப் பையன் சொன்னது இது: "அதெல்லாம் போட்டோவில் வராது சேட்டா." வரும் தம்பி. எடுத்தால் வரும்.

மாமா திரும்பி வரும்போது பாலக்காடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குறையைக் காட்டினால் போன் வராது என்கிறார்கள். போன் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மேலும் கூப்பிடுகிறவர் குறையைத் தெரிந்துகொண்டு, விலையையும் மனசில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கூப்பிடுகிறார், வந்து நின்று சண்டை போட மாட்டார். இன்னொரு ரகம், 40 போட்டோ போட்டு அதில் பாதி ஸ்டியரிங்கும் மியூசிக் சிஸ்டமும். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

வண்டியைச் சுற்றி நான்கு மூலையிலிருந்தும் எடுங்கள், இரண்டு பக்கமும் நேராக எடுங்கள், அப்புறம் கூரையையும் எடுங்கள். தென்னை மரத்தடியில் வண்டி நிறுத்துகிற ஊர் இது, கூரையை மட்டும் யாருமே எடுப்பதில்லை. பானெட்டைத் திறந்து என்ஜினோடு இரண்டு பக்க அப்ரனும் (சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கிற தகடு) தெரிகிற மாதிரி. சாவியைத் திருப்பி மீட்டரை எடுங்கள், கிலோமீட்டரும் தெரியும், ஏர்பேக் லைட் எரிகிறதா என்பதும் தெரியும். பிரேக் பெடல் ரப்பரைக் கிட்டத்தில் வைத்து ஒன்று. மீட்டர் 40,000 காட்டும்போது பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடந்தால், மீட்டரைக் குறைத்து வைத்திருக்கலாம் என்று பார்க்கிறவருக்கே புரிந்துவிடும். டயர் நான்கிலும் தேதி எண் தெரிய வேண்டும். 2319 என்று இருந்தால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்து ஒன்று, ஸ்டெப்னி பள்ளம் ஒன்று. கீறல், டென்ட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து. இவ்வளவும் எடுக்க அரை மணி நேரம் ஆகாது.

நம்பர் பிளேட்டை மறைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நம்பர் இருந்தால் எம்பரிவாஹன் என்ற அரசாங்க ஆப்பில் போட்டு ரிஜிஸ்ட்ரேஷன் தேதி, இன்ஷூரன்ஸ் எல்லாம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். எல்லை தாண்டி வாங்குகிறவருக்கு ஏற்கெனவே பழைய ஆர்டிஓவில் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இந்தப் பக்கம் ரீ-ரிஜிஸ்ட்ரேஷன், அதற்கு மேல் ரோடு டாக்ஸ் என்று அலைச்சலும் செலவும் இருக்கிறது. வண்டி பார்க்கவும் சும்மா ஒரு நாள் அலைய வைக்க வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் யாராவது வண்டி விற்பதாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம். வண்டியை முதல் நாளே கழுவித் துடைத்து வையுங்கள். ஈரமாக இருந்தால் கீறல் தெரியாது.