கடைப் பெடியனுக்கு லீவு உண்டு, முதலாளிக்கு?

கிழமையில் ஒரு நாள் கடையைப் பூட்டுங்கள், கணக்குப் பார்க்கத் தனியாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள் என்கிறது சிறு கடைக்காரருக்கான ஒரு கட்டுரை. சரி. ஆனால் இரண்டாவதுதான் கஷ்டம். எங்களுடையது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. கொப்பியை விரித்துக் கூட்டத் தொடங்கினால் ஒருவர் அரை றாத்தல் பாண் கேட்பார், அடுத்தவர் ரீலோட் போடச் சொல்வார். திரும்பவும் மேலிருந்து கூட்ட வேண்டும். இப்போது மத்தியானம் 2 மணிக்குப் பிறகு, வெயிலில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, ஃபோனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போகிறேன். திகதி முடியப்போகிற பால்மா, திருப்பி அனுப்ப வேண்டிய பிஸ்கட், இனி யாருக்குக் கடன் இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படுகிறது.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலைக்கு நிற்பவருக்குக் கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. பெடியனுக்குக் கொடுக்கிறோம், அந்த ஒன்றரை நாளும் அவன் வேலையையும் முதலாளியே செய்கிறார். கட்டுரை இதைத் தொடவேயில்லை.

ஞாயிறு பூட்டினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாராம். போகட்டும். கடன் கொப்பி எங்களிடம்தானே இருக்கிறது, திங்கள் வருவார்.