தேங்காய் எண்ணெயில் எஸ்பிஎஃப் 50 வராது

தேங்காய் எண்ணெய், கேரட் விதை எண்ணெய், தேன்மெழுகு மூன்றையும் உருக்கி ஜிங்க் ஆக்சைடு பவுடர் கலந்தால் எஸ்பிஎஃப் (வெயிலில் தோல் கருகாமல் காக்கும் அளவு) 50 உள்ள சன்ஸ்கிரீன் ரெடி, கடலில் குளித்தாலும் போகாது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. ஆய்வகத்தில் தேங்காய் எண்ணெய்க்குக் கிடைத்த எஸ்பிஎஃப் எண்ணே சுமார் 8தான், அதுவும் மனிதத் தோலில் சோதித்ததல்ல. ஜிங்க் ஆக்சைடு வெயிலைத் தடுக்கும், சரி, ஆனால் வீட்டில் கரண்டியால் கிண்டினால் பவுடர் திட்டுத்திட்டாக நின்றுவிடும், இடையிலுள்ள தோல் பாதுகாப்பில்லாமல் கருகும். கடைச் சன்ஸ்கிரீனுக்கே 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011 விதியில் தடை விதித்தது; சோதித்துக் காட்டினால் தண்ணீரில் 40 அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று மட்டும் போடலாம். எஃப்டிஏ இணையதளத்திலேயே பார்க்கலாம். குழந்தைகளுக்கும் இதைப் பூசிவிடுவார்கள், தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.