ஜன்னலோரம் நிற்கும் டீச்சர்

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெயர் இருப்பதால் அவ்வப்போது எங்கள் ஊர்ப் பள்ளிப் படியேறுகிறேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். ஒன்று முதல் ஐந்து வரை 34 பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள்.

போன செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஐந்து வகுப்பும் ஒரே டீச்சர் தலையில். கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் கழித்தல், அந்தப் பக்கம் பின்னம். ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் தரையில் புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தன. டீச்சரோ ஜன்னலோரம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நின்றார். கல்வித்துறையின் எமிஸ் செயலியில் பிள்ளைகளின் வருகைப் பதிவு ஏறவில்லையாம். "இது ஏறினால்தானம்மா நான் பிள்ளைகள் பக்கம் திரும்ப முடியும்" என்றார். அரசுப் பள்ளி வாத்தியாருக்குச் சும்மா சம்பளம் என்று டீக்கடையில் பேசும் அண்ணன்மார் ஒருநாள் வந்து அந்த ஜன்னலோரம் நிற்கட்டும்.

இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதுதான் வேடிக்கை. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். தலையை எண்ணியவர்கள் வகுப்பை எண்ண மறந்துவிட்டார்கள். போதாததற்கு, 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். நல்ல திட்டம்தான், என் சின்னவள் எழுத்துக்கூட்டியது அதில்தான். நடத்துகிறவருக்கு நேரம் வேண்டாமா?

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. செயலி வேலை கல்வியின் பெயரிலேயே வருவதால் அந்தப் பிரிவுக்குள் சிக்குவதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கோ விட்டுப்போகும் நாட்கள் அதிகம். நடவு, களையெடுப்பு என்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் வீட்டில் நின்றுவிடுகிறாள். அப்பா அம்மா திருப்பூரில், பிள்ளை அப்பாயி வீட்டில் என்பதும் சகஜம். ஐப்பசி, கார்த்திகை மழை விடுமுறை வேறு. பத்து நாள் வராத பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, விட்ட இடத்திலிருந்து சொல்லித்தர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவாக இருக்கும் குறுவள மையத்துக்கு ஒரு பதிவாளரைப் போடுங்கள். டீச்சர் பதிவேட்டைப் பார்த்து எண்ணிக்கையைப் போனில் சொல்லட்டும், அவர் ஏற்றிக்கொள்ளட்டும். கூட்டங்களைப் பள்ளி நாளில் வைக்காதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப்போகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

சிரித்துவிட்டார். அந்தத் தீர்மானத்தையும் செயலியில்தான் ஏற்ற வேண்டுமாம்.