அந்த வரி கீதையில் இல்லைங்க

போன வாரம் அந்தத் தோட்டத்து வீட்டில் நடந்தது இங்கே படிக்கிற பலருக்கும் தெரியும். பேர், ஊர் வேண்டாம். 23 வயசுப் பையன். வாழைக்குத் தண்ணி மாத்தப் போனவன், மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டதும் விழுந்தவன் எந்திரிக்கவே இல்லை. தலைமாட்டில் உட்கார்ந்து கதறிக்கொண்டிருந்த தாயிடம் ஒரு பெரிய மனுசர், "அழுகாதீங்கம்மா, எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது, கீதையிலயே சொல்லியிருக்குதுங்க" என்றார். மறுநாள் ஊர் முக்கில் கட்டிய ப்ளெக்ஸில், பையன் படத்துக்குக் கீழேயும் அதே வரி.

கீதையில் அப்படி ஒரு வரி இல்லைங்க. 18 அத்தியாயம், 700 சுலோகம். எந்த அத்தியாயத்திலும் இல்லை. "கீதாசாரம்" என்று தேர்ப்படம் போட்டு மண்டியிலும் சலூனிலும் மாட்டியிருக்கும் அந்த வாசகத்தில் ஒரு வரியைக்கூட எந்தச் சுலோகத்துக்கும் மொழிபெயர்ப்பு என்று காட்ட முடியாது. சந்தேகம் இருந்தால் வீட்டில் இருக்கிற எந்த உரையையாவது எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். ஒரு நாள் போதும்.

"வரி இல்லாட்டி என்ன, கருத்து அதுதானே?" என்பார்கள். கருத்தும் அது இல்லை. நடந்ததெல்லாம் நன்மைக்கே என்பது ஒரு நம்பிக்கை. அதை வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு. கிருஷ்ணன் பேரில் அதை எழுதி, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் நீட்டுவதற்குத்தான் உரிமை இல்லை.

கீதை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் அத்தியாயத்துக்குப் பேரே அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துயரம். ஒருவன் உடம்பு நடுங்கி, வாய் உலர்ந்து, வில் கை நழுவித் தேர்த்தட்டில் உட்கார்ந்துவிடுகிறான். அந்த அத்தியாயம் முழுவதிலும் கிருஷ்ணன் பேசுவது ஒரே ஒரு வாக்கியம்: "பார்த்தா, கூடி நிற்கிற இந்தக் குருவம்சத்தாரைப் பார்." அவ்வளவுதான். அர்ஜுனன் புலம்பப் புலம்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். இரண்டாம் அத்தியாயத்தில் இரண்டு சுலோகம் கடிந்து பேசுகிறான், மறுபடி நிறுத்திக்கொள்கிறான். "நான் உன் சீடன், எனக்குச் சொல்" என்று அர்ஜுனனே கேட்பது 2.7இல், அதாவது இரண்டாம் அத்தியாயம் ஏழாம் சுலோகத்தில். உபதேசம் ஆரம்பிப்பது 2.11இல். கேட்ட பிறகுதான் சொன்னான். அந்தத் தாய் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இதோடு 18.67ஐயும் சேர்த்துப் படியுங்கள். கேட்க விருப்பமில்லாதவரிடம் இதைச் சொல்லாதே என்று கீதையே தடுக்கிறது. 17.15இல் வாக்கினால் செய்யும் தவம் எது என்று வருகிறது: அடுத்தவர் மனசைக் கலக்காத சொல், உண்மையான சொல், இதமும் நன்மையும் உள்ள சொல். இந்த மூன்றையும் ஒரே வாக்கில் வைத்திருக்கிறது. எழவு வீட்டில் சொல்லப்பட்ட அந்த வரி மூன்றிலும் தோற்றது. உண்மையாகவும் இல்லை, இதமாகவும் இல்லை, கலக்காமலும் விடவில்லை. அந்தம்மா அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்த பார்வையைப் பக்கத்தில் இருந்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

ஒரு கேள்வி நியாயமானது, அதை மறைக்கக் கூடாது. "பிறந்தவனுக்குச் சாவு நிச்சயம், அதற்காக நீ வருந்தத் தகாது என்று 2.27இல் இருக்கிறதே?" இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தில் அந்த "வருந்தத் தகாது" திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அதற்குக் கீதை சொல்லும் காரணம் என்ன? உடம்பு அழிவது, உள்ளிருப்பது அழியாதது என்பது. நடந்த சாவு நல்லது என்று அது எங்கும் சொல்லவில்லை. வெயிலும் குளிரும்போல இன்பமும் துன்பமும் வந்து போகும், பொறுத்துக்கொள் என்கிறது 2.14. துன்பத்தைத் துன்பம் என்றே ஒப்புக்கொண்டால்தானே பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியும்? அதோடு, போர் 18 நாள். முதல் நாள் காலையில் இத்தனையையும் கேட்ட அதே அர்ஜுனன், பதின்மூன்றாம் நாள் அபிமன்யு செத்தான் என்று தெரிந்ததும் நொறுங்கி அழுதான். கீதையை நேரில் கேட்டவன் பிள்ளைக்காக அழுதான். நம் ஊர்த் தாய் அழக் கூடாதா?

நம் கொங்கு மண்ணுக்கு இது புதுசும் இல்லை. அண்ணன்மார் கதையில் அண்ணன்கள் செத்து விழுகிற படுகளம் வரும்போது, உடுக்கடித்துக் கதை பாடுகிறவர் தங்கச்சி தங்காள் அழுகிற பாட்டை எத்தனை நேரம் இழுத்துப் பாடுகிறார்! பொன்னரும் சங்கரும் சாய்ந்து கிடக்க அவள் அழுது வருகிறாள், கூட்டம் முழுக்க அவளோடு அழுகிறது. அழாதே என்று அவளிடம் ஒருத்தரும் சொல்வதில்லை. ஒப்பாரி வைக்க ஆள் இருந்த ஊரில் இன்றைக்கு ப்ளெக்ஸ் இருக்கிறது.

"கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்பதும் இப்படித்தான் குறைந்துபோனது. 2.47க்கு நாலு கால் உண்டு. செயலில்தான் உனக்கு உரிமை. பலன்மேல் ஒருபோதும் இல்லை. பலனுக்காகவே செய்கிறவனாக ஆகாதே. நாலாவதை யாரும் சொல்வதே இல்லை: செய்யாமல் இருப்பதிலும் உனக்குப் பற்று வேண்டாம். மஞ்சள் போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல விதைக்கிழங்கு எடுத்து, தண்ணி தேங்காமல் வடிகால் விட்டு, ஒன்பது மாசம் பார்க்கிறோம். வேகவைக்கும்போது பதம் தப்பி அதிகம் வெந்தால் நிறம் கெடும், வேகாமல் விட்டால் காய்ந்த பின் பொடிந்து போகும். அதுவரைக்கும் நம் கையில். ஈரோட்டு மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலை போகும் என்பது நம் கையில் இல்லை. விலை நம் கையில் இல்லை என்பதற்காகக் கொப்பரையில் பாதி வேக்காட்டில் அள்ளிக் கொட்டுகிறவர் உண்டா? "யோகம் என்பது செயலில் திறமை" என்று 2.50 சொல்வதைப் பண்ணையக்காரர் அத்தனை பேரும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த மோட்டார் ரூமை யோசித்துப் பாருங்கள். ஒரு காரியம் நடக்க ஐந்து காரணம் என்று கணக்குப் போடுகிறது 18.14. நிலைக்களம், செய்கிறவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். நிலைக்களம் என்பதை உடம்பு என்று உரைகாரர்கள் கொள்வார்கள். எப்படிக் கொண்டாலும் தெய்வம் ஐந்தாவது. முதல் நாலையும் பார்க்காமலே ஐந்தாவதில் கொண்டுபோய்ப் பாரத்தை இறக்கினோம். ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று மூணு வாரத்துக்கு முன்னாடி அதை விட்டுவிட்டு நேரடியாக லைன் கொடுத்திருந்தார்களாம். அது விழுந்தது ஏன்? கேபிளிலோ மோட்டாரிலோ எங்கோ கரண்ட் கசிகிறது என்று சொல்வதற்காக. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற மாதிரி அதைச் செய்து வைத்திருப்பது ஆள் உயிரைக் காக்க. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் குழாயும் அப்படித்தான். நம் சரளை மண் கோடையில் காய்ந்துவிட்டால், எட்டடிக் குழாய் இறக்கியிருந்தாலும் கரண்ட் மண்ணுக்குள் இறங்காது. குழியில் கரியும் உப்பும் போட்டு அப்பப்போ தண்ணி ஊற்ற வேண்டும். கம்பி துருப்பிடித்து விட்டுப்போயிருக்கிறதா என்று வருசத்துக்கு ஒருதரமாவது பார்க்க வேண்டும். இது நன்றாகவே நடந்தது என்றால், அடுத்த தோட்டத்துக்காரர் எதற்காகத் தன் எர்த் குழியைப் போய்ப் பார்க்கப் போகிறார்?

பின்விளைவு, இழப்பு, பிறருக்கு வரும் தீங்கு, தன் சக்தி, இந்த நாலையும் எண்ணாமல் மயக்கத்தில் தொடங்கும் செயலைத் தாமசம் என்கிறது 18.25. நேரடி லைன் கொடுத்ததைப் பற்றிக் கீதையில் தேடினால் இதுதான் கிடைக்கும். பையனைப் பெற்றவர்களைக் குத்த இதைச் சொல்லவில்லை, அவர்கள் பட்டது போதும். "ட்ரிப் ஆகுதா, எடுத்து உட்ருங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற நம் எல்லோருக்கும் சொல்கிறேன்.

"ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தையைப் போய் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே" என்று சிலர் எழுதுவார்கள். ஆறுதல் யாருக்குக் கிடைத்தது? சொன்னவருக்குத்தான். சாமி நம்பிக்கை இல்லாதவன் என்றும் எழுதுவார்கள். கீதையைப் படிக்கச் சொல்கிறவனிடம் இதைக் கேட்டால் நான் என்ன பதில் சொல்ல? குறள் இருக்கும்போது கீதை எதற்கு என்பவர்களோடு இன்னொரு நாள் பேசலாம்.

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு கிருஷ்ணன் அர்ஜுனனிடம் சொன்னது 18.63இல் இருக்கிறது: "இதை மிச்சமில்லாமல் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய்." தெய்வமே யோசித்துப் பார் என்றுதான் சொன்னது. நாம் ஒரு தாயை யோசிக்கவும் விடவில்லை, அழவும் விடவில்லை.

அந்த ப்ளெக்ஸ் இன்னும் முக்கில் தொங்குகிறது. தோட்டத்துக்குப் போகவர அந்தம்மா அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். கட்டின பசங்க இதைப் படித்தால், கோபப்படாதீங்க தம்பி, கருமாதிக்கு முன்னாடி கழட்டிருங்க. பையன் படமும் பேரும் மட்டும் இருக்கிற மாதிரி வேறொன்று கட்டினாலும் சரி. அப்படியே அந்த வாய்க்கால் மேட்டில் இருக்கிற மோட்டார் ரூம்களுக்கு ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு போய் வாங்க.