கலைத்த பிறகு தொடங்கிய சங்கம்

முன்னாள் வீரர்கள் சங்கம் என்றாலே வருஷத்துக்கு ஒரு விருந்து, ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதானே என்று கேலி பேசுபவர்கள் அமெரிக்காவின் 'வாஸ்ப்' பெண் விமானிகளைப் பற்றிக் கொஞ்சம் படிக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் ஆண் விமானிகள் சண்டைக்குப் போய்விட, உள்நாட்டில் ராணுவ விமானம் ஓட்ட ஆள் தேவைப்பட்டது. 25,000-க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்ததில் பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். தொழிற்சாலையிலிருந்து புது விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது முக்கிய வேலை. இன்னொரு வேலையும் இருந்தது: விமானத்துக்குப் பின்னால் நீளமாகத் துணியைக் கட்டி இழுத்துக்கொண்டு பறக்க வேண்டும், தரையில் பீரங்கி பழகும் பையன்கள் அதை நிஜக் குண்டுகளால் சுடுவார்கள். இத்தனை செய்தும் அரசுக் கணக்கில் இவர்கள் சிவிலியன்கள். 38 பேர் உயிரிழந்தார்கள். சவப்பெட்டிக்குக் கொடி கிடையாது. உடலை ஊருக்கு அனுப்பும் செலவுக்கு, உடன் இருந்த பெண்களே காசு வசூலித்தார்கள்.

இவர்களை ராணுவத்தில் சேர்க்கும் மசோதா 1944 ஜூனில் தோற்றது. எதிர்த்தவர்களில் முன்னால் நின்றது சிவிலியன் ஆண் பயிற்றுநர்கள். விமானப் பள்ளிகள் மூடப்படும் நேரம், காலாட்படையில் தள்ளிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. பயம் நியாயம்தான். ஆனால் அவர்கள் கூட்டாகப் போய் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைப் பிடித்தார்கள். பெண்களுக்கு அப்போது சொந்தமாக ஒரு சங்கம் இல்லை.

டிசம்பரில் படைப்பிரிவைக் கலைத்தபோதுதான் 'ஆர்டர் ஆஃப் ஃபிஃபினெல்லா' என்ற சங்கம் பிறந்தது. வேலை தேடிக்கொடுப்பது, விலாசம் வைத்துக்கொள்வது, செய்திமடல் அனுப்புவது. பார்த்தால் சில்லறை வேலைகள். என்னைக் கேட்டால் சங்கத்தின் உயிரே அந்த விலாசப் பட்டியல்தான்.

ஏனென்றால் 1970-களின் நடுவில் விமானப்படை, பெண்களுக்கு முதன்முறையாக ராணுவ விமானப் பயிற்சி தரப்போவதாக அறிவித்தது. முதன்முறையா? பாட்டிமார்களுக்குக் கோபம் வந்தது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்ததால் பழைய காகிதங்களைத் திரட்ட முடிந்தது. ராணுவ வீரருக்குத் தருவது போலவே வாசகம் எழுதிய ஒருவரின் விடுவிப்புச் சான்றிதழ் பெரிய ஆதாரமாயிற்று. போரில் விமானம் ஓட்டிய செனட்டர் பேரி கோல்ட்வாட்டரும் துணை நின்றார். 1977-ல் முன்னாள் படைவீரர் அந்தஸ்து கிடைத்தது. 33 வருஷத் தாமதம்! சங்கம் 1943-லேயே இருந்திருந்தால் அந்த மசோதா ஜெயித்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; ஆனால் இவ்வளவு அநாதையாகத் தோற்றிருக்காது.

2009-ல் வயோதிகத்தால் சங்கத்தையே கலைத்துவிட்டார்கள். 2015-ல் ராணுவம், படைவீரர்களை அடக்கம் செய்யும் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் இவர்களின் அஸ்திக்கு இடமில்லை என்று பழையபடி ஆரம்பித்தது. அந்த வருஷம் இறந்த எலெய்ன் ஹார்மனின் அஸ்தி வீட்டு அலமாரியில் காத்திருக்க, குடும்பத்தார் மனுவும் கையுமாக அலைந்து, 2016-ல் சட்டம் வந்த பிறகே அடக்கம் செய்தார்கள். ஒரு சங்கம் ஒரே கடிதத்தில் தொடங்கியிருக்க வேண்டிய வேலையை, துக்க வீட்டுக்காரர்கள் தலையில் கட்டியது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.