ஊடலைச் சிரித்துக் கடக்காதீர்கள்

பட்டிமன்ற மேடைகளில் அடிக்கடி வந்துபோகும் குறள் ஒன்று உண்டு. கணவன் தும்முகிறான். மனைவி வாழ்த்துகிறாள். வாழ்த்திய கையோடு, ‘யார் நினைத்ததால் தும்மினீர்?’ என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்கிக்கொள்கிறான். ‘உம்மவர் உம்மை நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரோ?’ என்று அதற்கும் அழுகிறாள். பேச்சாளர் அந்த இடத்தில் சற்று நிறுத்துவார். அரங்கம் சிரிக்கும். பெண்டாட்டியிடம் மாட்டிக்கொண்ட கணவன்மார் பற்றிய துணுக்குகள் வரிசையாக வரும்.

அந்தச் சிரிப்பு எனக்கு ஒவ்வாமல் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரு பெண்ணால் தன் கணவனின் தும்மலைக்கூட நம்ப முடியவில்லை என்றால், அந்த வீட்டில் அதற்கு முன் என்ன நடந்திருக்க வேண்டும் என்று ஏன் யாரும் கேட்பதில்லை? குறள் வரும் அதிகாரத்தின் பெயர் புலவி நுணுக்கம். புலவி என்றால் ஊடல். அதன் முதல் குறளைப் பாருங்கள். ‘பரத்த, நின் மார்பை நெருங்க மாட்டேன்’ என்கிறாள். பெண்கள் எல்லோரும் கண்ணால் பொதுவாக உண்ணும் மார்பு அது என்கிறாள். தும்மல் குறளுக்குச் சிரிக்கிற மேடையில் இந்தக் குறளை நான் கேட்டதில்லை.

இந்த அதிகாரத்துக்குக் குறளின் பழைய உரைகாரர் பரிமேலழகர் தரும் விளக்கம், புலப்பதற்குக் காரணம் ஏதும் இல்லாதபோது தலைவி நுண்ணியதாக ஒன்றைக் கற்பித்துக்கொண்டு அவன்மேல் ஏற்றுகிறாள் என்பது. அவர் பேரறிஞர். அவர் உரை இல்லாமல் எனக்குக் குறளே விளங்கியிருக்காது. ஆனால் இந்த இடத்தில் என்னால் அவரோடு போக முடியவில்லை. காரணம் இல்லை என்று யார் சொல்வது? அவனா, அவளா? பழைய காயம் ஆறாமல் இருக்கும்போது புதிய காரணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும். வள்ளுவர் அந்தக் குறளைப் புன்னகையோடுதான் எழுதியிருப்பார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முந்தைய அதிகாரத்திலேயே அவர் வேறு ஒன்றும் சொல்லியிருக்கிறார். ஊடியவரை உணராமல் விடுவது, ஏற்கெனவே வாடிப்போன கொடியை அடியோடு அரிவது போன்றது என்கிறது 1304ஆம் குறள். வாடியது என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊடுகிறவள் முதலிலேயே வாடியிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். ‘பொய்க்கோபம்’, ‘செல்லச் சண்டை’ என்று நாம் எழுதும் விளக்கங்களில் அந்த வாட்டம் காணாமல் போகிறது.

நாம் இலக்கியத்தில் இனிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். கல்யாணப் பத்திரிகைகளில் குறுந்தொகையின் ‘யாயும் ஞாயும்’ அச்சாகிறது. செம்மண்ணில் பெய்த மழை நீரும் மண்ணும் கலந்ததைப் போல நெஞ்சங்கள் கலந்தன, அழகுதான். அந்தப் பாட்டோடு பழைய தொகுப்பாளர் சேர்த்து வைத்திருக்கும், யார் எந்த நிலையில் சொன்னது என்ற கூற்றுக் குறிப்பை வாசித்தால், இவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அவள் அஞ்சுகிறாள், அவள் முகம் மாறியதைக் கண்டு அவன் சொல்லும் சொல் அது என்று தெரியும். நாம் கொண்டாடும் காதல் பாட்டு ஒரு பெண்ணின் அச்சத்துக்குச் சொன்ன பதில்.

அதே குறுந்தொகையில் 49ஆவது பாட்டு, அம்மூவனார் பாடியது. ‘இம்மை மாறி மறுமை ஆயினும் நீயாகியர் என் கணவனை, யானாகியர் நின் நெஞ்சு நேர்பவளே.’ ஏழேழு பிறவிக்கும் நீதான் என் கணவன் என்று பெண் உருகுவதாக இதையும் மேற்கோள் காட்டுகிறார்கள். குறிப்பு என்ன சொல்கிறது? தலைவன் பரத்தையிடம் போய்த் திரும்பி வந்திருக்கிறான். அவனைக் கண்டதும் அவள் துயரம் ஓரளவு தணிகிறது. தணிந்த பிறகு சொல்லும் சொல் இது. இப்போது கடைசி வரியை மறுபடி வாசியுங்கள். அடுத்த பிறவியிலாவது உன் நெஞ்சுக்கு ஒத்தவளாக நான் இருக்க வேண்டும். இந்தப் பிறவியில் அந்த இடம் தனக்கு இல்லை என்பதைக் குரல் உயராமல் சொல்லிவிட்டாள். காதலையும் காயத்தையும் இந்த வரியில் யாராலாவது பிரித்தெடுக்க முடியுமா? எனக்குத் தெரிந்து தமிழில் இதைவிட நேர்மையான கணவன் மனைவிப் பாட்டு இல்லை.

இனி கானல் வரிக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்தின் ஏழாம் காதை அது. இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்கு வருகிறார்கள். யாழைத் தொழுது வாங்கிய மாதவி அதைச் சரிபார்த்துக் கோவலன் கையில் தருகிறாள். அவன் காவிரியை வாழ்த்திப் பாடுகிறான். என்ன பாடுகிறான்? சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் நீ புலவாய், காவேரி, நீ வாழ்க. அவன் வேறொருத்தியிடம் போனாலும் ஊடாமல் இருப்பதுதான் கற்பு என்று அறிந்துகொண்டேன் என்கிறான். கண்ணகியை விட்டுவிட்டு வந்தவன், மாதவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் தந்த யாழை வாசித்துக்கொண்டு, ஊடாத பெண்ணைப் புகழ்கிறான். அவன் மனத்தில் குறிப்பு ஏதும் இருந்ததா என்று புலவர்கள் விவாதிக்கலாம். கேட்டுக்கொண்டிருந்த மாதவிக்கு அது உறைத்தது என்பதை இளங்கோவடிகள் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டார். மகிழ்ந்தவள் போல் முகம் வைத்துக்கொண்டு, உள்ளே புலவியோடு யாழைத் திரும்ப வாங்குகிறாள்.

அவளும் பாடுகிறாள். அதே காவிரி, அதே மெட்டு. ‘நடந்தாய் வாழி காவேரி’ என்கிறாள். பிறகு, காதலன் மறந்துபோன நெய்தல் நிலப் பெண்ணின் குரலெடுத்துப் பாடுகிறாள். அவன் செய்ததைத்தான் அவளும் செய்தாள். அவன் பாடியதை அவள் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பாடியதை அவனால் பொறுக்க முடியவில்லை. ‘மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்’ என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதி, அணைத்திருந்த கையைத் தளர்த்துகிறான். ‘கவவுக்கை ஞெகிழ்ந்தனனாய்’ என்பது இளங்கோவின் சொல். நேரமாகிவிட்டது, எழுவோம் என்கிறான். அவள் எழுவதற்குள் ஏவலாளர் சூழப் போய்விடுகிறான். மாதவி தனியே வண்டி ஏறி வீடு திரும்புகிறாள்.

ஊழ்வினை வந்து உருத்தது என்று அடிகள் காரணம் சொல்கிறார். காப்பியத்துக்கு ஊழ் வேண்டும், சரி. ஆனால் அந்தக் கடற்கரையில் நடந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு ஊழ் தேவைப்படவில்லை. தான் பாடினால் கலை, அவள் பாடினால் குற்றம் என்று நினைத்தான். இன்றும் எத்தனையோ வீடுகளில் சண்டை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பிறகு மாதவி எழுதிய முதல் மடலை அவன் வாங்கவே மறுத்துவிடுகிறான். ஆடல் மகள்தானே, நடிப்பு அவளுக்குக் கைவந்தது என்கிறான். கோவலன் கண்ணகியோடு மதுரை செல்லும் வழியில், மாதவி அனுப்பிய கோசிகன் என்ற அந்தணன் இரண்டாம் மடலோடு அவனைத் தேடி வருகிறான். உருமாறிப் போயிருந்த கோவலனை அடையாளம் காண முடியாமல், வேனிலில் வாடி நின்ற மாதவிக் கொடியைப் பார்த்து, கோவலன் பிரிந்ததால் துயருற்ற மாதவி போல நீயும் வருந்துகிறாயோ என்று பேசுகிறான். 1304ஆம் குறளின் வாடிய கொடி என் கண்ணுக்கு அங்கே நிற்கிறது. மடலின் மண் இலச்சினையில் அவள் கூந்தலின் நெய் மணம் இருக்கிறது. கூடியிருந்த நாள்களின் மணம். கோவலனால் அதைக் கையைவிட்டு வைக்க முடியவில்லை. படிக்கிறான். என் பிழை என்னவென்று அறியாமல் கலங்குகிறேன் என்று எழுதியிருக்கிறாள். தீது அவளுடையது அன்று, தன்னுடையது என்று உணர்கிறான்.

உணர்ந்து என்ன செய்தான்? அந்த மடலின் வாசகம் தன் பெற்றோருக்கும் பொருந்துகிறது என்று சொல்லி, அதை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டும்படி கோசிகனிடமே கொடுத்தனுப்புகிறான். மாதவிக்கு ஒரு சொல் இல்லை. அந்தப் பகுதியை எப்போது வாசித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவள் எழுத்து அவனுக்குப் பயன்பட்டது. அவளுக்குப் பதில் வரவில்லை.

கண்ணகிக்காவது ஒரு மன்னிப்பு கிடைத்தது. ஆயர் வீட்டில் அவள் சமைத்துப் பரிமாற, உண்டு முடித்த பிறகு, உனக்குச் சிறுமை செய்தேன் என்கிறான். அதற்கு அவள் சொல்லும் பதிலில் ‘வாயல் முறுவல்’ என்று ஒரு சொல் வருகிறது. மாமனாரும் மாமியாரும் தேற்ற வந்தபோது அவள் வரவழைத்துக்கொண்ட உண்மையற்ற சிரிப்பு. அதைக் கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியதாம். அதை அவனிடம் சொல்லிவிட்டு, ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்கிறாள். அத்தனை ஆண்டுகளின் காயத்துக்கும் அவள் எடுத்துக்கொண்டது சில வரிகள்தாம். அன்றே அவன் கொல்லப்படுகிறான்.

ஆண்டாளிடமும் இதே கதைதான். ‘வாரணமாயிரம்’ கல்யாண மண்டபங்களில் ஒலிக்கிறது. அதே நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் திருமொழியில் பயனற்ற கொங்கையைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிவேன் என்கிறாள். அதை யாரும் மண்டபத்தில் பாடுவதில்லை.

இசையில் இந்தக் காயத்துக்கு முறையான இடம் கொடுத்தது, நிதானமாகப் பாடும் காதல் பாட்டு வகையான பதம். பதினேழாம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் இயற்றிய பதங்களில், இரவெல்லாம் வேறெங்கோ இருந்துவிட்டு வருகிற முவ்வகோபாலனை, அதாவது கண்ணனை, நாயகி வாசலிலேயே நிறுத்துகிறாள். சுருட்டி ராகத்தில் ஒரு பதம். இங்கே எதற்கு வந்தீர்கள், அவள் வீடு இதுவல்லவே என்று உபசாரமாகத் தொடங்குகிறது. சௌக்க காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். முதல் முறை மரியாதை போலக் கேட்கும். அடுத்த முறை ஒரு கமகத்தில், சுரத்தை அசைத்துப் பாடும் அந்த ஒரு இழுப்பில், குத்தல் தெரியும். அதற்கடுத்த முறை குரல் இறங்கும்போதுதான் அவள் எவ்வளவு நேரம் விழித்திருந்தாள் என்பது நமக்குப் புரியும். கவிதையால் ஒரு வரியை ஒருமுறைதான் சொல்ல முடியும். காயப்பட்டவர்கள் ஒரே சொல்லைப் பத்து முறை சொல்வார்கள். அதைச் சலிப்பில்லாமல் கேட்கவைக்கும் வலிமை பதத்துக்கு இருக்கிறது.

இதைப் பாதுகாத்துக் கொடுத்தவர்கள் வீணை தனம்மாளின் குடும்பத்தார் போன்ற இசைவேளாளர் மரபுப் பெண்கள். அவருடைய பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் பதம் பாடிய விதமும், இன்னொரு பேத்தியான பாலசரஸ்வதி பதத்துக்கு அபிநயம் பிடித்த விதமும் கேட்டவர்கள், பார்த்தவர்கள் வாயில் இன்றும் இருக்கின்றன. சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அதையொட்டி எழுந்த தூய்மைப் பேச்சில் சிருங்காரப் பதங்களும் ஆபாசம் என்று ஒதுக்கப்பட்டன. ஏமாற்றப்பட்ட பெண் தன் குரலில் கேட்கும் கேள்வி யாருக்கு ஆபாசமாகப் பட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படிப்பறியாத வீடுகளில் இந்த வேலையை ஒப்பாரி செய்தது. என் பாட்டி இறந்த அன்று பெரியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். தாயைப் புகழ்ந்து தொடங்கிய ஒப்பாரி, ஆடிக்கு அழைக்க ஆள் வராததற்கும், பிறந்த வீட்டுத் திண்ணையில் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு நின்றதற்கும் போய்ச் சேர்ந்தது. எல்லாம் தாயிடம் சொல்லும் முறையீடு. கேட்க வேண்டியவர் பந்தல் காலைப் பிடித்தபடி நின்ற மாமா. ஒப்பாரியை இடைமறித்துப் பதில் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. யாராக இருந்தாலும் நின்று கேட்டாக வேண்டும். மாமா தலை குனிந்து கடைசிவரை நின்றார். கோவலனைப் போல எழுந்து போகவில்லை. அக்காளும் தம்பியும் மறுபடி பேசிக்கொள்ள வெகுநாள் ஆயிற்று. ஆனால் பேசினார்கள்.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லி எல்லாக் காயத்தையும் அன்பின் கணக்கில் எழுதிவிடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணின் மேல் கையோங்கிய தலைவனை ஊடலைப் பாடும் சங்க மருதப் பாட்டுகளில், நான் வாசித்த எதிலும் கண்டதில்லை. அங்கே அவன் பாணனையும் விறலியையும் தூதுவிட்டு வாசலில் காத்துக் கிடக்கிறான். தோழி வாயில் மறுக்கிறாள். கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது உள்ளே இருப்பவளின் முடிவு. அந்த உரிமை இல்லாத இடத்தில் நடப்பது கொடுமை. அதற்கு ஊடல் என்று பெயர் வைக்காதீர்கள்.

மார்கழிக் கச்சேரிகளில் பாடப்போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மிருதங்கக்காரர் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் முடிந்து பாதி சபை கேன்டீனுக்குப் போன பிறகு, நேரம் மிஞ்சினால் ஒரு பதம் என்று வைக்காதீர்கள். மெயின் உருப்படிக்கு முன்பே, மக்கள் நிறைந்திருக்கும்போது எடுங்கள். காலத்தைக் கூட்டாமல், எல்லாச் சரணங்களையும் பாடுங்கள். பாடுவதற்கு முன் அவள் யாரிடம், எதற்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்பதைத் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.