மஸ்டாங் 2 மஸ்டாங்கே இல்லை என்பவர்களிடம் சில கேள்விகள்

ஃபோர்டு மஸ்டாங்கின் இரண்டாம் தலைமுறையாக 1974 முதல் 1978 வரை வெளிவந்த மஸ்டாங் 2 ஒன்றை வைத்திருப்பவனால் அமெரிக்காவில் எந்தப் பெட்ரோல் நிலையத்திலும் நிம்மதியாக நின்றுவிட்டு வர முடியாது. பக்கத்துக் குழாயில் நிற்பவர் கிரில்லின் நடுவே பாய்ந்தோடும் குதிரையைப் பார்ப்பார், பின்விளக்குகளின் மூன்று செங்குத்துப் பட்டைகளைப் பார்ப்பார், முதல் மஸ்டாங்கில் இருந்ததைப் போலவே பக்கவாட்டில் குழிந்து செல்லும் வளைவையும் பார்ப்பார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது பிண்டோதானே?" என்று கேட்பார். மஸ்டாங் என்று சொன்னால், "அப்படியானால் அசல் மஸ்டாங் இல்லை" என்று சிரித்துக்கொண்டே தீர்ப்பும் வழங்கிவிடுவார். 1965ஆம் ஆண்டு மஸ்டாங்கையோ 1969ஆம் ஆண்டு மஸ்டாங் மாக் 1 காரையோ ஓட்டி வருபவரிடம் முன்பின் தெரியாத ஒருவர் இப்படிப் பேசத் துணிவாரா? இந்த ஐந்து வருடக் கார்களைப் பற்றி மட்டும் யாரும் எதையும் சொல்லலாம் என்ற உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தது?

பிண்டோ என்ற குற்றச்சாட்டையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லா ஏளனத்துக்கும் அதுதான் வேர். மஸ்டாங் 2, ஃபோர்டின் மலிவு விலைச் சிறிய காரான பிண்டோவுடன் பல பாகங்களைப் பகிர்ந்துகொண்டது உண்மை. நான் அதை மறைக்கவில்லை. ஆனால் 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் திரை விலக்கப்பட்ட முதல் மஸ்டாங் எதன்மேல் எழுந்தது? ஃபால்கன் என்ற, சிக்கனத்துக்காகவே வடிவமைக்கப்பட்ட, யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத குடும்பக் காரின்மேல் எழுந்தது. அதன் அடிப்படை எஞ்சின் 101 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். சாதாரணக் காரின் பாகங்களைக் கொண்டு, சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில், பார்த்தவுடன் ஆசை வரும் ஒரு வண்டியைச் செய்வதுதான் ஃபோர்டின் உயர் அதிகாரி லீ ஐயகோக்காவின் மொத்த யோசனையும். அதை 1964இல் செய்தபோது மேதைமை என்று இன்றுவரை கொண்டாடுகிறீர்கள். அதே மனிதர் அதே காரியத்தை 1974இல் செய்தபோது மோசடி என்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபால்கன் மஸ்டாங் ஆகலாம், பிண்டோ ஆகக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

பின்னாலிருந்து மோதினால் தீப்பிடிக்கும் என்ற நகைச்சுவையை அவிழ்த்துவிடுபவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் தொட்டிக் கோளாறுக்காக 1978இல் திரும்பப் பெறப்பட்டவை பிண்டோவும் அதன் மெர்குரி உடன்பிறப்பான பாப்கேட்டும்தான்; மஸ்டாங் 2 அந்தப் பட்டியலில் இல்லை. மனிதர்கள் எரிந்து செத்த ஒரு விஷயத்தைப் பெட்ரோல் குழாயின் முன்னால் நின்றுகொண்டு வேடிக்கையாகப் பேசுவதே அருவருப்பானது. அதைத் தவறான காரின்மேல் ஏற்றிப் பேசுவது அறியாமை.

இனி, 1974க்கு முன் மஸ்டாங் என்னவாகிக்கொண்டிருந்தது என்பதையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். 181.6 அங்குல நீளத்தில் பிறந்த கார் 1971இல் 189.5 அங்குலமாக நீண்டிருந்தது. 429 கன அங்குல எஞ்சினும் உள்ளே தாராளமாக அடங்கும்படி அகன்றும் கனத்தும் போயிருந்தது. கூரை பின்னோக்கிச் சரியும் ஃபாஸ்ட்பேக் வடிவத்தின் பின்கண்ணாடி ஏறத்தாழப் படுத்த நிலையில் இருந்ததால் பின்னால் வருவது எதுவும் ஓட்டுநருக்கு ஒழுங்காகத் தெரியாது. நான் விரும்பிய சின்னக் கார் எங்கே போயிற்று என்று 1968இலேயே ஃபோர்டின் பங்குதாரர் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து கேட்டார். மக்களும் அதே கேள்வியைத் தங்கள் பணத்தால் கேட்டார்கள்: 1966ஆம் மாடலில் 6,07,568 கார்கள் விற்ற இடத்தில் 1973இல் 1,34,867தான் விற்றன. அதே காலத்தில் டொயோட்டா செலிக்காவும், ஐரோப்பாவிலிருந்து வந்த கேப்ரியும், ஓப்பல் மாண்டாவும் மஸ்டாங் விட்டுச்சென்ற இடத்தைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஐயகோக்கா இதைப் பார்த்துத்தான் காரைச் சுருக்கச் சொன்னார். மஸ்டாங் 2இன் நீளம் 175 அங்குலம், அதாவது முதல் மஸ்டாங்கைவிடவும் குறைவு. இதைத் துரோகம் என்பவர்கள், 1971ஆம் ஆண்டின் அந்தப் பெரிய உடம்புதான் மஸ்டாங்கின் இயல்பு என்று நம்புகிறார்கள் போலும்.

1974ஆம் ஆண்டு மாடலாக இந்தக் கார் 1973 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடையை அறிவித்தன. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன, 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் மணிக்கு 55 மைல் என்ற வேகவரம்பில் கையெழுத்திட்டார். அந்த மாடல் ஆண்டில் மட்டும் 3,85,993 மஸ்டாங் 2 கார்கள் விற்றன. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 11 லட்சத்தைத் தாண்டின. "அது எண்ணெய் நெருக்கடியால் அடித்த அதிர்ஷ்டம்" என்று உடனே ஒரு குரல் வரும். ஒரு காரை வடிவமைத்து, அச்சு வார்த்து, ஆலையில் ஏற்றி, விற்பனைக்குக் கொண்டுவர வருடங்கள் பிடிக்கும். தடை வந்தபின் யோசித்துச் செய்த கார் இல்லை இது. தடை வருவதற்கு முன்பே தேவை இன்னதென்று அறிந்து செய்த கார். அப்படி யோசிக்காதவர்களின் கதி என்ன? மஸ்டாங்கின் போட்டிக் கார்களான ப்ளிமத் பாரகுடாவும் டாட்ஜ் சேலஞ்சரும் 1974இல் நிறுத்தப்பட்டன. ஏஎம்சி ஜாவலின் அதே ஆண்டில் முடிந்தது. மெர்குரி கூகர் கொழுத்த சொகுசுக் காராக மாறிப்போனது. செவ்ரோலே, கமாரோவை விட்டுவைத்தாலும் அதன் வேக வடிவமான இசட்28ஐ 1974க்குப் பின் நிறுத்தி, 1977இல்தான் மீண்டும் கொண்டுவந்தது. இன்று ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகும் பாரகுடாவை அன்று வாங்க ஆளில்லாமல் மூடினார்கள் என்பதை அதன் பக்தர்கள் ஒருபோதும் சொல்வதில்லை. மஸ்டாங் என்ற பெயர் 1964 முதல் இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது என்று இன்று எல்லோரும் பெருமையடித்துக்கொள்கிறார்களே, அந்த இடைவெளி விழாமல் தாங்கிப்பிடித்தது எந்தக் கார்?

சரி, குதிரைத்திறனுக்கு வருவோம். 1974இல் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் கொடுக்காதது பெருங்குறைதான். அதை நான் எந்த இடத்திலும் நியாயப்படுத்தியதில்லை. 88 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் அந்த எடைக்குப் போதாது. 105 குதிரைத்திறன் வி6 பரவாயில்லை. 1975இல் 302 கன அங்குல வி8 வந்தபோது 122, 1977-78இல் 139. இந்த எண்களைக் கேட்டதும் சிரிப்பவர்கள் 1960களின் எண்களைப் பக்கத்தில் வைத்துத்தான் சிரிக்கிறார்கள். அந்தப் பழைய எண்கள் எஞ்சினைத் தனியாக மேடையில் நிறுத்தி, புகைக்குழாய், காற்றுவடிகட்டி போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த மொத்தத் திறன். 1972 முதல் காரில் இருக்கும் நிலையிலேயே அளக்கும் நிகரத் திறனுக்கு அமெரிக்கத் தொழில் மாறிவிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது கணக்கே இல்லை. அதோடு 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், 1975இல் வந்த, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஈயமற்ற பெட்ரோல், வேகக் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் போட்ட கூடுதல் கட்டணம் ஆகிய எல்லாமே சேர்ந்து ஒட்டுமொத்த அமெரிக்கக் கார்களையும் முடக்கின. செவ்ரோலேயின் புகழ்பெற்ற வேகக் காரான கார்வெட்டின் 1975ஆம் ஆண்டு அடிப்படை எஞ்சின் 5.7 லிட்டர் வி8, அதன் திறன் வெறும் 165. அந்த வருடத்துக் கார்வெட்டை நிறுத்திவைத்தால் யாராவது வந்து, "இது கார்வெட்டே இல்லை" என்கிறார்களா? காலத்தின் கோலம் என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டுப் போகிறார்கள்.

என்னை இதைவிடக் கொதிக்கவைப்பது இன்னொன்று. 1979இல் வந்த அடுத்த தலைமுறையான ஃபாக்ஸ் மஸ்டாங்கை மீட்பன் என்று கும்பிடுகிறார்கள். நல்ல கார்தான். ஆனால் 1980இலும் 1981இலும் அந்த மீட்பனுக்குள் இருந்த ஒரே வி8, 4.2 லிட்டராகக் குறுக்கப்பட்ட எஞ்சின். அதன் திறன் ஏறத்தாழ 120 குதிரை. என் 1977ஆம் ஆண்டுக் காரில் இருப்பது 139. குறைந்த சக்தியுள்ள கார் மீட்பன், கூடுதல் சக்தியுள்ள கார் அவமானச் சின்னம். இந்தத் தீர்ப்பை எந்த எஞ்சின் பரிசோதனை மேடையில் எடுத்தீர்கள்? ஃபாக்ஸ் ரசிகர்கள் உச்சரிக்கும் '5.0' என்ற மந்திரம் முதன்முதலில் எந்த மஸ்டாங்கின்மேல் எழுதப்பட்டது? மஸ்டாங் 2இன் சிறப்பு வடிவமான 1978 கிங் கோப்ராவின் பானெட் மேட்டில். (அந்த எஞ்சினின் உண்மையான கொள்ளளவு 4.9 லிட்டருக்கு அருகில்தான் என்பது வேறு விஷயம்; பின்னால் வந்தவர்களும் அதே சுருதியில்தான் பாடினார்கள்.) கிங் கோப்ராவின் பானெட்டை நிறைத்துக்கொண்டு படுத்திருக்கும் அந்தப் பெரிய பாம்புப்படம் எனக்கும் உவப்பானதில்லை. ஆனால் அதே காலத்தில் பான்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆமின் பானெட்டை இறக்கை விரித்து மூடிய பறவைக்கு மட்டும் கைதட்டல் எப்படி வந்தது?

ஃபாக்ஸ் தலைமுறை முழுவதும் தொடர்ந்த, பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் பின்கதவுள்ள ஹேட்ச்பேக் வடிவம், மஸ்டாங் 2இல் தொடங்கியது. கூரையின் இரு பக்கக் கண்ணாடிப் பலகைகளைக் கழற்றும் டி-ரூஃப், 1977இல் இந்தக் காரில்தான் மஸ்டாங்குக்கு வந்தது. ஒகாயோ மாநிலத்தின் லைமா நகரில் செய்த 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் கேலி செய்கிறவர்கள், அதே எஞ்சினில் டர்போ பொருத்தி 1985இல் 205 குதிரைத்திறன் எடுத்த மஸ்டாங் எஸ்விஓவை மட்டும் சேகரிப்பாளரின் செல்வம் என்று எழுதுகிறார்கள். வம்சம் ஒன்றுதான், ஐயா.

இந்தக் காரின் முன்பக்க அமைப்பைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏளனம் செய்கிறவர்களின் நேர்மையை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. 1973 வரையிலான மஸ்டாங்குகளில் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கரங்களில் மேல்கரத்தின்மேல் சுருள்வில் உட்கார்ந்திருக்கும். அதைத் தாங்க எஞ்சினின் இருபுறமும் பெரிய தகரக் கோபுரங்கள் எழுந்து நிற்கும். பெரிய வி8 இருந்தால் ஸ்பார்க் பிளக்கை மாற்றுவதற்குள் முழங்கைத் தோல் உரிந்துவிடும். மஸ்டாங் 2இல் வில்லை இரண்டு கரங்களுக்கும் நடுவே இறக்கினார்கள், கோபுரங்கள் மறைந்தன. மஸ்டாங் வரலாற்றில் முதல்முறையாக பற்சக்கரம் ஒரு பற்சட்டத்தை நகர்த்திச் சக்கரங்களைத் திருப்பும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் வந்தது. முன்சக்கர டிஸ்க் பிரேக் எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் ஏந்தும் தனிச் சட்டகத்தை ரப்பர் வைத்துப் பொருத்தியதால், பிண்டோவில் உணரும் அதிர்வு இதில் இல்லை. இந்த அமைப்பு குறுகலானது, தாழ்ந்தது, எஞ்சினுக்குத் தாராளமாக இடம் விடுவது. அதனால்தான் பல பத்தாண்டுகளாக, பழைய கார்களை மாற்றியமைத்து ஹாட் ராட் செய்பவர்கள் பழைய ஃபோர்டு கூப்பேக்களுக்கும் செவ்ரோலே பிக்கப்களுக்கும் இதைப் பொருத்துகிறார்கள். அசல் பாகங்கள் தீர்ந்தபின் அதே வடிவத்தில் புதிதாகவே செய்து, 'மஸ்டாங் 2 முன்பாகம்' என்று பெயர் சொல்லியே இன்றும் விற்கிறார்கள்.

எந்தக் கார் கண்காட்சிக்கு வேண்டுமானாலும் சென்று, பளபளக்கும் ஒரு 1940ஆம் ஆண்டு ஃபோர்டின் முன்னால் குனிந்து பாருங்கள். குரோம் பூசிய கீழ்க்கரம், நடுவே சுருள்வில், அச்சுக்கு முன்னால் படுத்திருக்கும் ஸ்டியரிங் ரேக்: மஸ்டாங் 2. அந்தக் காரின் சொந்தக்காரர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி என் காரைப் பார்த்து முகம் சுளிக்கிறார். தன் கார் நேராக ஓடுவதற்கும் திரும்புவதற்கும் காரணமான பொருள் எதிலிருந்து வந்தது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். இவர்களுக்காகத்தான் பழைய இரும்புக் கிடங்குகளில் கிடந்த மஸ்டாங் 2 கார்களின் முன்பாகங்களை அறுத்தெடுத்துக்கொண்டு மிச்சத்தை நசுக்கினார்கள். லட்சக்கணக்கில் ஓடிய கார் இன்று சாலையில் அரிதாகத் தென்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த அலட்சியத்தால் வரும் நஷ்டம் எங்கள் மனத்தோடு நிற்பதில்லை. மஸ்டாங் உதிரிபாகப் பட்டியல்கள் பெரும்பாலும் 1964 முதல் 1973 வரை ஒரு புத்தகம், 1979 முதல் இன்னொரு புத்தகம். 1965ஆம் ஆண்டுக் காரின் முழு உடலையே புதிதாக வாங்கிவிடலாம். என் ஹேட்ச்பேக்கின் பின்கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை ஒன்றுக்காக நான் அலைந்த அலைச்சல் சொல்லி மாளாது. வெடித்துப்போன பழைய பட்டையின் வழியாக ஒவ்வொரு மழைக்கும் நீர் இறங்கி, பின்தளத்துக் கம்பளத்தின் அடியில் தேங்கி, துருவை வளர்த்தது. தொலைபேசியில் பேசிய கடைக்காரர் ஒருவர், "அந்த வருடங்களை நாங்கள் மஸ்டாங்காகக் கணக்கில் வைப்பதில்லை" என்றார். தேவை குறைவு என்று சொல்லியிருந்தால் வியாபாரம் என்று விட்டிருப்பேன். அவர் கொள்கையாக அல்லவா சொன்னார்!

மஸ்டாங்குக்காகவே நடக்கும் ஒரு கண்காட்சியிலும் இதே கதைதான். பரிசுப் பிரிவுகள் 1973இல் முடிந்து 1979இல் மீண்டும் தொடங்கின. நடுவில் உள்ளவர்கள் 'இதர வாகனங்கள்' பிரிவில் நிற்கவேண்டுமாம். கல்யாணப் பந்தியில் சொந்தத் தம்பிக்கு இலை போடாமல், ஊராரோடு போய் உட்காரச் சொல்வது போன்ற செயல் இது. நுழைவுக் கட்டணம் மட்டும் மற்ற மஸ்டாங்குகளுக்கு வாங்கிய அதே தொகைதான். பொறுப்பாளரிடம் கேட்டபோது, அந்தத் தலைமுறைக் கார்கள் அதிகம் வருவதில்லை என்றார். வருகிறவர்களை வேலியோரம் தள்ளினால் எப்படி வருவார்கள்?

எனவே மஸ்டாங் கண்காட்சி நடத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். விண்ணப்பத்தாளில் 1974 முதல் 1978 வரை என்று தனியாக ஒரு வரி சேருங்கள். மூன்று கார்கள் வந்தாலும், ஒரே ஒரு கார் வந்தாலும், அதை மற்ற மஸ்டாங்குகளின் வரிசையிலேயே நிறுத்துங்கள். துருவுக்கும் வண்ணத்துக்கும் மற்றவர்களுக்கு எப்படி மதிப்பெண் போடுகிறீர்களோ அப்படியே எங்களுக்கும் போடுங்கள். அங்கே நான் தோற்றால் எனக்கு வருத்தமே இல்லை.